எட்டாவது கயிறு

வல்லிக்காவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாயால் ஒரு பெண்ணையும் அவள் மகளையும் பத்துப் பேர் நடுவில் திட்டித் தீர்த்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவள் நான். அதையும் மறைக்காமல் எழுதத்தான் போகிறேன். மறைத்தால் வல்லிக்கா யார் என்பது புரியாது.

வல்லிக்கா என்றால் சுந்தரவல்லி. வயது நாற்பத்தாறு. கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை. காலை பதினொரு மணிக்குப் போனால் ராத்திரி எட்டரை வரை நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்ட வேண்டும். கணவர் ஜம்புநாதன் கிடர்பூர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி வங்காளத்துக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. பட்டறைக்காரர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. எங்களுக்கெல்லாம் உண்டு. கஸ்டம்ஸ், பேங்க், ராணுவம் என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிற கூட்டம் நாங்கள். வல்லிக்கா மட்டும் அதே கிடர்பூர் வீட்டில், அதே ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டு இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, லேக் பக்கம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாடியில் பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் சொல்லித்தருகிறார். சம்பளம் கிடையாது. கேட்டால், "எனக்கு வாரம் பூரா அடுத்தவங்க சேலையப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு. ரெண்டு மணி நேரம் புள்ளைங்க மூஞ்சியப் பாக்குறேன், விடேன்" என்பார்.

அவர் உயிரை வைத்திருப்பது பின்னல் கோலாட்டத்தில். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே ஒரு வளையம். அதிலிருந்து எட்டு நிறத்தில் எட்டுக் கயிறு தொங்கும். எட்டுப் பிள்ளைகள், ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் கோல். நாலு பேர் வலமாகச் சுற்றுவார்கள், நாலு பேர் இடமாக. எதிரே வருகிற ஆளை ஒருமுறை உள்பக்கமாகக் கடக்க வேண்டும், அடுத்த ஆளை வெளிப்பக்கமாக. கடக்கும்போது கோலோடு கோல் தட்ட வேண்டும். ஆட ஆட, மேலே கயிறுகள் சடை போல் பின்னிக்கொண்டே இறங்கும். பாதியில் எல்லாரும் திரும்பி, வந்த வழியே ஆட வேண்டும். பின்னினது அத்தனையும் பிரிந்து, எட்டுக் கயிறும் தனித்தனியாக வந்து நிற்க வேண்டும். ஏழு பேர் இருந்தால் நடக்காது. எட்டுப் பேர் இருந்து ஒருத்தர் தப்பாகப் போனாலும் முடிச்சு விழுந்துவிடும்.

எங்கள் சங்கத்து மாடியில் வளையம் மாட்ட இடமில்லை. வல்லிக்கா நடு ஃபேனைக் கழற்ற வைத்து, அந்தக் கொக்கியில் ஜம்பு அண்ணன் பட்டறையில் அடித்துக் கொடுத்த இரும்பு வளையத்தை மாட்டிவிட்டார். செயலாளர் பாலசுப்பிரமணியன் சார் இன்றைக்கும் கூட்டம் நடக்கும்போதெல்லாம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்து முறைப்பார். வல்லிக்கா கண்டுகொள்ள மாட்டார்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் வாயில் வரும். வல்லிக்காவை 'மாஷி' என்றுதான் கூப்பிடும். வங்காளத்தில் அம்மாவின் அக்கா தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாட்டு தமிழில் நடக்கும், திட்டு வங்காளத்தில் விழும். கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருப்பவர் திடீரென்று, "ஏய், கீ ஹொச்சே! கயிறைக் கீழ விடாதடா!" என்று கத்துவார். என்னடா நடக்குது என்று அர்த்தம். ஒன்றிரண்டு எண்ணுவதுகூட ஏக், துயி, தீன்தான். அப்படி எண்ணினால்தான் பிள்ளைகளின் கால் நகர்கிறது என்பார். பாட்டு அவரே கட்டியது, அடவெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

"உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு
ஓடி வாடி கண்ணே,
எதிரே வந்தா கோலைத் தட்டி
ஏறிப் போடி பெண்ணே."

ஆடும்போது யாருடைய காலையும் பார்க்க மாட்டார். கண் எப்போதும் மேலே வளையத்தில்தான். "கீழ பாத்தா எல்லாரும் நல்லாத்தான் ஆடுற மாதிரி இருக்கும். மேல பாத்தாத்தான் எவன் எங்க கோட்டை விட்டான்னு தெரியும்" என்பார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஊரைவிட்டுப் போகிற பிள்ளைதான், வருகிற பிள்ளைக்குத் தன் கயிற்றின் போக்கைச் சொல்லித்தர வேண்டும். வல்லிக்கா சொல்லித்தர மாட்டார். மற்றப் பிள்ளைகளும் அதில் வாய் வைக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்து முடித்ததும் கோலையும் கயிற்றையும் புதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான்.

இந்தச் சட்டம் வந்த கதையை எனக்கு ஜம்பு அண்ணன் சொன்னார். பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஆரம்பித்த முதல் வருஷம், ஒரு கர்னல் வீட்டுப் பெண் இருந்தாளாம். இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஏழு பிள்ளைகள் நிற்கின்றன, ஒரு கயிறு சும்மா தொங்குகிறது. வல்லிக்கா அதைச் சுருட்டி வளையத்தில் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டாராம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை அவர்களும் பேச மாட்டார்கள், நாங்களும் பேச மாட்டோம்.

என் மகள் சஹானாவுக்குப் பத்து வயது. பச்சைக் கயிறு அவளுடையது. மூன்று வருஷமாக அவளுடையது. சாப்பாட்டு மேஜைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்கூட உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்றுதான் நடப்பாள். போன நவம்பரில் என் வீட்டுக்காரர் மஹாதேவனுக்கு விசாகப்பட்டினத்துக்கு ஆர்டர் வந்தது. ஜனவரி ஐந்தாம் தேதி அங்கே சேர வேண்டும். சங்கத்தின் பொங்கல் விழாவோ பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

"நீங்க போங்க. நான் வரல" என்றாள் சஹானா.

"எங்கடி இருப்ப?"

"மாஷி வீட்ல."

நான் கத்தினேன். அவள் அப்பா கெஞ்சினார். பெட்டியில் அவள் துணியை வைத்தால் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிடுவாள். 'போகலாம்' என்ற வார்த்தையைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வாள். சரி, ஐந்தாறு நாளில் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் போக ஆசையா என்ன? எட்டு வருஷத்தில் நாலாவது ஊர்.

பச்சைக் கயிற்றுக்கு ஆள் கிடைத்தது. நியூ டவுனுக்குப் புதிதாக வந்த ஐடிக்காரர்களின் மகள் மதுவந்தி. ஒன்பது வயது. கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வங்காளம் வராது, பள்ளியில் பேச்சுத்துணை இல்லை. அவள் அம்மா வைஷாலி ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கே டாக்ஸி பிடித்து, தூங்கி விழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவாள். முதல் நாள் என்னிடம், "அக்கா, இவ சிரிச்சே ரொம்ப நாளாச்சு. இங்க வந்தாவது ரெண்டு பேரோட பழகட்டும்னுதான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் கவலை எனக்கு.

வல்லிக்கா இரண்டு பெண்களையும் நிறுத்தி, "சஹானா, இது மது. உன் கயிறு எப்படிப் போகும்னு சொல்லிக்குடு. நாலு ஞாயிறு இருக்கு" என்றார். சஹானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் மாடி மூலையில் போய், கையைப் பிடித்து நடத்திச் சொல்லிக்கொடுத்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்து, அப்பாடா, பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். பூரிப்பாவது!

டிசம்பர் கடைசி ஞாயிறு. மது முதல்முறையாகப் பச்சைக் கயிற்றைப் பிடித்து ஏழு பேரோடு ஆடினாள். பின்னல் அழகாக விழுந்தது. பாதியில் எல்லாரும் கோலை இரண்டு முறை தட்டி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார்கள். பிரிக்க ஆரம்பித்தார்கள். ஆறு கயிறு பிரிந்து நேராக வந்தது. பச்சையும் சிவப்பும் மட்டும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. சிவப்புக் கயிறு ரிஷியுடையது, மதுவுக்குப் பக்கத்து ஆள். மறுபடி ஆடச் சொன்னார் வல்லிக்கா. மறுபடியும் பச்சையும் சிவப்பும். அடுத்த ஞாயிறும் அதே கதை.

இதற்கிடையில் மஹாதேவனின் இடத்துக்கு வர வேண்டிய ஆள் வராததால், எங்கள் பயணம் தள்ளிப்போயிருந்தது. ஜனவரி பதினெட்டாம் தேதி மதியம் ஹவுராவில் ரயில். அதாவது விழா நாளன்று காலை நாங்கள் ஊரில்தான் இருப்போம்.

பதினொன்றாம் தேதி, கடைசி ஒத்திகை. மூன்று முறை ஆடினார்கள், மூன்று முறையும் பச்சை சிவப்பைச் சுற்றிக்கொண்டது. பாலசுப்பிரமணியன் சார் வந்து பார்த்துவிட்டு, "வல்லிம்மா, வெளி ஆட்கள்லாம் வர்றாங்க. நடு மேடையில முடிச்சு விழுந்து நின்னா நல்லாவா இருக்கும்? இந்த ஐட்டத்தை எடுத்துடலாம். பாட்டு போட்டு ஏதாவது டான்ஸ் வச்சுக்கலாம்" என்றார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. வைஷாலியைப் பார்த்துப் பொரிந்து தள்ளினேன். "நாலு வாரமா என்னங்க பண்ணீங்க? வீட்ல ஒரு தடவையாவது ஆடிப் பாத்தாளா உங்க பொண்ணு? எட்டுப் புள்ளைங்க உழைப்பு வீணாப்போகுது. முடியலேன்னா முதல்லயே சொல்லிருக்கணும். எங்க சஹானா ஊர்லதான இருக்கா, அவளே ஆடிட்டுப் போயிருப்பா!"

வைஷாலிக்குக் கண் கலங்கிவிட்டது. மது கயிற்றைப் பிடித்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வல்லிக்கா கைத்தாளத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பாலசுப்பிரமணியன் சாரிடம், "சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்றார். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த சஹானாவைக் கூப்பிட்டார்.

"சஹானா, இங்க வா. மூணு வருஷம் நீ புடிச்ச கயிறு. சிக்கிக் கெடக்கு. பிரிச்சு விடு."

சஹானா எழுந்து வந்தாள். மதுவின் கையிலிருந்து பச்சைக் கயிற்றை வாங்கினாள். மேலே அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராக ரிஷியிடம் போய், அவனை இடமாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். கயிறு விடுபட்டுத் தனியாக வந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. முடிச்சு எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது, எதனால் விழுந்தது எல்லாம் இவளுக்கு முதலிலிருந்தே தெரியும். திரும்புகிற நேரத்தில் எல்லாரும் நின்ற இடத்தில் சுற்றும்போது, நீ மட்டும் ரிஷியை ஒரு வலம் வந்துவிடு என்று இவள்தான் மதுவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அடப்பாவி மகளே!

"ரிஷி, உன்னையத்தான சுத்திட்டுப் போறா. உனக்குத் தெரியலையாடா?" என்று பாலசுப்பிரமணியன் சார் கேட்டார்.

"தெரியும் அங்கிள். ஆனா அடுத்தவங்க கயித்துல நாங்க வாய் வைக்கக் கூடாதே" என்றான் ரிஷி.

சஹானா அழ ஆரம்பித்துவிட்டாள். விக்கி விக்கிச் சொன்னாள். "இவ கத்துக்கிட்டா நான் போயிடணும். இவளுக்கு வரலேன்னா மாஷி என்னைய விட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு மது பேசினாள். அந்தப் பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "எனக்கும் தெரியும் மாஷி. அம்மா போன வருஷ வீடியோ காட்டினாங்க. அதுல சஹானா ரிஷியச் சுத்தவே இல்ல."

"அப்புறம் ஏம்மா சுத்தின?" என்றார் வல்லிக்கா.

"சஹானா சொல்றதுதான ரூலு. தப்புன்னு சொன்னா அவ எங்கிட்டப் பேச மாட்டா. இங்க அவ ஒருத்திதான் எங்கூடப் பேசுறா."

நான் வைஷாலியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு எம் மேலயும் எம் பொண்ணு மேலயும்தாங்க. மன்னிச்சுடுங்க" என்றேன். அவள், "விடுங்கக்கா, புள்ளைங்கதான" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது.

வல்லிக்கா சஹானாவைத் தன் பக்கத்தில் தரையில் உட்கார வைத்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"முத ஞாயிறே எனக்குத் தெரியும்டி. தப்பா ஆடுற புள்ள ஒரு நாள் இங்க சிக்கும், ஒரு நாள் அங்க சிக்கும். ஒரே எடத்துல சிக்குதுன்னா யாரோ சொல்லிக்குடுத்ததுன்னு அர்த்தம். நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்குப் போகப் புடிக்கல மாஷி."

"எனக்கும் நீ போறது புடிக்கல. உனக்காவது ஊர விட்டுப் போற அழுகை இந்த வருஷம் ஒண்ணுதான். எனக்கு உன்னோட சேத்து முப்பத்தொண்ணு. எட்டுக் கயித்துலயும் மாறி மாறி முப்பத்தொரு புள்ளைங்க போயாச்சு. எல்லாத்துக்கும் அழுதுருக்கேன். போய் எங்க ஜம்பு மாமாவக் கேளு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "சரி, எந்திரி. சரியாச் சொல்லிக்குடு. பாலு சார், ஐட்டம் இருக்கு. எழுதிக்குங்க."

சஹானா மூக்கைத் துடைத்துக்கொண்டு மதுவிடம் போனாள். "சாரி" என்றாள். பிறகு, "ரிஷியச் சுத்தாத. நின்ன எடத்துலயே திரும்பு. கயிறு தலைக்கு மேல வரணும், இப்படி" என்று பிடித்துக் காட்டினாள். ஒன்பது மணிக்குக் காலி செய்ய வேண்டிய மாடியைப் பதினொரு மணி வரைக்கும் விடவில்லை. வல்லிக்கா அன்றைக்குக் கடைக்கு லேட்.

சனிக்கிழமை எங்கள் சாமான் லாரியில் போனது. வெறும் வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு ஆசை முளைத்தது. எப்படியும் காலையில் ஊரில்தானே இருக்கிறோம், கடைசியாக ஒருமுறை பிள்ளை மேடை ஏறட்டுமே என்று வல்லிக்காவுக்குப் போன் செய்தேன். இத்தனைக்கும் அப்புறமும் வெட்கமில்லாமல் கேட்டேன். பெற்ற மனசு.

"என்னையக் கேக்காத ரோஹிணி. சஹானாவக் கேளு" என்றார்.

கேட்டேன். சஹானா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. "வேணாம்மா. அது இப்ப மதுவோட கயிறு. நான் குடுத்துட்டேன்" என்றாள்.

ஞாயிறு காலை, விழாவுக்கு வாடகைக்கு எடுத்திருந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பிள்ளைகளும் மேடைக்கு வந்தார்கள். மது பச்சைக் கயிற்றைப் பிடித்தாள். வல்லிக்கா ஓரத்தில் நின்று, அண்ணாந்து வளையத்தைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தார். பின்னல் இறங்கியது. என் பக்கத்தில் சஹானாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திரும்புகிற இடம் வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மது நின்ற இடத்திலேயே சுற்றினாள், கயிறு தலைக்கு மேல் வந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பின்னல் மேலேறிப் பிரிந்துகொண்டே போனது. எட்டுக் கயிறும் நேராகத் தொங்கியபோது சஹானா நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள். நானும்தான் தட்டினேன். அழுதுகொண்டே தட்டினேன், அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

மேடைக்குப் பின்னால் போனோம். வல்லிக்கா கயிறுகளைச் சிக்காமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். சஹானா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மது வந்து சஹானாவின் சடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை.

"மாஷி, அந்த ஊர்ல பின்னல் கோலாட்டம் கிடையாதுல்ல?" என்றாள் சஹானா.

"எனக்கென்னடி தெரியும். மன்னார்குடிலேருந்து வந்தப்ப இந்த ஊர்லயும்தான் கிடையாது." வல்லிக்கா அவள் தலையைக் கோதிவிட்டார். "போய் ஏழு பேரைத் தேடு. எட்டாவது ஆளு நீதான் இருக்கியே. ஆள் சேந்ததும் போன் பண்ணு, ஜம்பு மாமா வளையம் அடிச்சு அனுப்புவாரு."

அவர் வாசல்வரைகூட வரவில்லை. கயிற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே போய் அழுதார் என்று பிறகு வைஷாலி போனில் சொன்னாள்.

ஹவுராவில் ரயில் ஏறி, பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மஹாதேவன் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதற்குள் சஹானாவைக் காணோம். இறங்கி ஓடிவிட்டாளோ, மாஷி வீட்டுக்கே கிளம்பிவிட்டாளோ என்று பதறி எழுந்தேன். அதற்குள் கோச்சின் அந்தக் கோடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, இந்தக் கோச்சுலயே விசாகப்பட்டினம் போற புள்ளைங்க மூணு பேர் இருக்காங்க. கேட்டுட்டேன். இன்னும் நாலு பேர்தாம்மா வேணும்" என்றாள்.